லேனாவிடம் தாயைப் பற்றிக் கேட்டார்கள்

1

போன கிழமை எங்கள் நகரத்துப் பத்திரிகையில் கீழ்வீட்டு மனுசி ஃப்ராவ் பெக்கரின் படம் வந்திருந்தது. கறுப்புக் கோட்டு, கையில் எரிகிற மெழுகுதிரி, முகத்தில் பெரிய துக்கம். நவம்பர் வந்தால், இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வருடம் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்ட இரவை இங்கே நினைவுகூர்வார்கள். எங்கள் நகரத்தில் அந்தக் கூடம் நின்ற இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. ஓரத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். வருடத்தில் ஒருநாள் அதற்கு மாலை விழும். மேயர் பேசுவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வயலின் வாசிப்பார்கள், எல்லோரும் தலை குனிந்து நிற்பார்கள். அடுத்த நாளே யாராவது அந்தக் கல்லில் பியர்ப் போத்தலை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

படத்தைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்கு மேல்மாடியில் இருந்த லேனா, யூதர் வழக்கப்படி வெள்ளிக்கிழமைகளில் யன்னலடியில் இரண்டு மெழுகுதிரி ஏற்றுகிறாள், கட்டடத்துக்கு ஆபத்து என்று வீட்டு நிர்வாகத்துக்கு முறைப்பாடு கொடுத்தவ இந்த ஃப்ராவ் பெக்கர்தான். செத்தவர்களுக்கு ஏற்றினால் பத்திரிகையில் படம். உயிரோடு இருக்கிறவள் ஏற்றினால் முறைப்பாடு.

ஊரில் இருந்து கடிதம் போடுகிற நீங்கள் எல்லோரும், வெள்ளைக்காரர் உங்களை எப்படி நடத்துகிறார்கள் என்றுதான் கேட்கிறீர்கள். இந்த முறை எங்களைப் பற்றி எழுதவில்லை. லேனாவைப் பற்றி எழுதுகிறேன். அவள் இந்த நகரத்தை விட்டுப் போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நகரத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். கெல்சென்கிர்ச்சனுக்குக் கிட்டத்தான். நான் இன்னும் இங்கே சீவிக்கவேண்டும்.

2

லேனாவும் தாய் நினாவும் உக்ரேனில் இருந்து வந்தவர்கள். தகப்பன் யூதர், பெயர் ஷாபிரோ. சோவியத் ஒன்றியம் உடைகிற நேரத்தில் அவர் செத்துப்போனார். அதன் பிறகு ஜேர்மனி யூதர்களை எடுக்கிறது என்று கேள்விப்பட்டு நினா பதிந்தாள். பெற்றோரில் ஒருவர் யூதராக இருந்தால் போதும். அனுமதி கிடைத்தது, வந்தார்கள், வதிவிட உரிமையும் கிடைத்தது.

எனக்கு எரிச்சல் வந்தது. இன்றைக்கும் அது போகவில்லை. நாங்கள் குண்டுக்குள் இருந்து வந்து, வருடக்கணக்காக டுல்டுங் என்கிற தற்காலிகத் தாளோடு அலைந்தோம். இன்றைக்குத் திருப்பி அனுப்பமாட்டோம், நாளைக்கு என்ன என்று தெரியாது என்பதுதான் அந்தத் தாளின் அர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரிசை. அங்கே இருந்த பெண் ஒருநாள்கூட எங்களை நிமிர்ந்து பார்த்ததில்லை. அகதிகள் இருந்த வீடுகளுக்கு நெருப்பு வைத்த காலம் அது. நெருப்பு வந்தால் இறங்கித் தப்ப என் கணவர் யன்னலடியில் ஒரு கயிறு வாங்கி வைத்திருந்தார். அந்த நேரத்தில் மேல்மாடிக்கு இரண்டு பேர் பெட்டியோடு வந்து, கையில் முழு உரிமையோடு குடியேறினால் யாருக்குத்தான் எரியாது?

என் மகள் தர்சினிக்கு அந்த எரிச்சல் இருக்கவில்லை. அவளுக்குப் பதினாறு, லேனாவுக்குப் பத்தொன்பது. லேனா கணக்கில் கெட்டிக்காரி. தர்சினிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள், பிறகு இரண்டு பேரும் பிரியவேயில்லை. தர்சினிதான் என்னை "அன்ரி" என்று கூப்பிட அவளுக்குப் பழக்கினாள். எங்கள் கதையெல்லாம் ஜேர்மனில்தான் நடந்தது. அவளுடைய ஜேர்மன் ரஷ்யச் சாயல், என்னுடையது யாழ்ப்பாணச் சாயல். நான் என் காதில் விழுந்தபடியே எழுதுகிறேன்.

உக்ரேனில் லேனாவின் பள்ளிக்கூடத்து வரவு இடாப்பில் ஒவ்வொரு பிள்ளையின் இனமும் எழுதியிருக்குமாம். ஷாபிரோ என்ற பெயருக்கு நேரே யூதர் என்று இருந்ததை ஒரு ரீச்சர் வகுப்பில் சத்தமாக வாசித்துவிட்டா. அன்றிலிருந்து அடி. கொப்பியில் துப்புவார்களாம்.

"யூதர் எண்டால் என்ன எண்டு அப்ப எனக்கு ஒண்டும் தெரியாது, அன்ரி," என்று ஒருநாள் சொன்னாள். "வீட்டில ஒரு பண்டிகை இல்லை, ஒரு பாட்டு இல்லை. அப்பா வாயே திறக்கமாட்டார். அடி மட்டும்தான் தெரியும். இஞ்ச வந்த பிறகுதான், அடிக்குப் பின்னால என்ன இருக்கு எண்டு பார்க்க ஆசை வந்தது."

3

அதனால்தான் அவள் நகரத்து யூதச் சபைக்குப் போனாள். அது முன்வாசலில் பெயரில்லாத ஒரு வீடு. வாசலில் எப்போதும் ஒரு பொலிஸ்காரன் நிற்பான். காரியாலயத்தில் இருந்தவர் லேவின் ஐயா, இங்கத்தைய மரியாதைப்படி ஹெர் லேவின். எழுபது வயதுக்குக் கிட்ட. போலந்தில் இருந்து போர் முடிந்த கையோடு தனிப் பெடியனாக வந்து, அமெரிக்காவுக்குப் போகக் கப்பல் பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் இங்கேயே தங்கிவிட்டவர்.

அவர் தேநீர் கொடுத்து, தகப்பனுடைய ஊரை விசாரித்து, அன்பாகத்தான் பேசியிருக்கிறார். பிறகு தாயின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டாராம். அதில் நினா உக்ரேனியப் பெண் என்று இருந்தது.

"அப்ப நீ யூதர் இல்லை, பிள்ளை," என்றாராம். "எங்கட சட்டத்தில தாய் யூதராய் இருந்தால்தான் பிள்ளை யூதர்."

லேனா படியேறி வந்தபோது நான் வாசலில் குப்பைப் பையோடு நின்றேன். முகம் வெள்ளையாகக் கிடந்தது. "அரசாங்கம் என்னை யூதர் எண்டு எடுத்தது. யூதர் என்னை இல்லை எண்டு அனுப்பிப்போட்டினம்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

எனக்கு வாயில் வந்தது ஆறுதல் இல்லை. "உரிமை கிடைச்சிட்டுதுதானே. பேந்தென்னத்துக்கு அங்க போய் நிக்கிறாய்?" என்றேன். அவள் மேலே போனாள்.

அன்று மாலை நினா வந்தாள். அவளுக்கு ஜேர்மன் அரைகுறைதான். கதிரையில் இருந்து, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "இது பிழை. இதாலதான் அவள் இல்லை," என்றாள். நான் தேநீர் ஊற்றினேன். இரண்டு பேரும் குடித்தோம்.

4

சபை கதவைச் சாத்தினால் லேனா விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் யூதர்களின் அடையாளமான ஆறுமுனை நட்சத்திரம் ஒன்றை வெள்ளியில் வாங்கிச் சங்கிலியில் கோத்து, சுவெற்றருக்கு வெளியே தெரியப் போட்டுக்கொண்டாள். நினா அதை உள்ளே தள்ளிவிடுவாள், இவள் வெளியே எடுத்துவிடுவாள். ஒரு கசற்றை வைத்து எபிரேய எழுத்துப் படித்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மெழுகுதிரி ஏற்றி, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, தன்னைப் போலவே தகப்பன் மட்டும் யூதரான இரண்டு மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு ரொட்டி பிய்த்துச் சாப்பிட்டாள். பாட்டும் நடக்கும்.

தர்சினியும் அங்கேதான் கிடந்தாள். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போ என்றால் வயிற்றுவலி, தலையிடி. வகுப்பு வாத்தியார் அவளுடைய ழகரத்தைப் பகிடி பண்ணி, "நீ தமிழ்ப் பிள்ளைதானோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்ட நாளில் இருந்து அந்தப் பக்கம் போகமாட்டாள். எபிரேயப் பாட்டு மட்டும் வாயில் நல்லாக வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்கமுடியாமல் மேலே ஏறிப் போனேன். கதவைத் திறந்தது டானியல். ஹெர் லேவினின் பேரன், பதினெட்டு வயது. வெள்ளை ரீசேர்ட்டில் கறுப்பு மையால் ஒரு பெரிய ஆறுமுனை நட்சத்திரம் கீறிப் போட்டிருந்தான். என்னை யாரோ முறைப்பாட்டுக்காரி என்று நினைத்திருப்பான். "மெழுகுதிரி பற்றியோ?" என்றான் எடுத்தெறிந்து.

"என்ர மகளை அனுப்பு," என்றேன்.

உள்ளே அவனுக்கும் லேனாவுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டும் நிறுத்தவில்லை.

"உனக்கு விளையாட்டு," என்றாள் லேனா. "ரீச்சருக்குக் கடுப்பேத்த நட்சத்திரம் கீறிக்கொண்டு திரியிறாய்."

"ஓம், கடுப்பேத்தத்தான். என்னைக் கண்டவுடன ரீச்சர்மார் குரலை இறக்கிக் கதைக்கினம். ஆரோ செத்த வீட்டில நிக்கிற மாதிரி. நவம்பர் வந்தால், டானியல், நீ ரெண்டு வார்த்தை பேசு எண்டு கேக்கினம். நான் என்ன, மியூசியமோ? நான் உயிரோட இருக்கிறன் எண்டு அவைக்குக் காட்டவேணும்."

"உனக்கு அங்க இடம் இருக்கு. அதாலதான் பகிடி விடுறாய்."

"இடமோ? தொழுகைக்குப் பத்து ஆம்பிளையள் சேராட்டி தாத்தா என்னை நித்திரையால எழுப்பி இழுத்துக்கொண்டு போறார். நான் கொட்டாவி விட்டுக்கொண்டு நிக்கிறன். நீ முழுக்கப் பாடமாக்கி வைச்சிருக்கிறாய், வெளியில நிக்கிறாய். இந்தப் பைத்தியக்கார விடுதிக்குள்ள வர உனக்கு ஏன் இவ்வளவு ஆசை?"

"நீ அதுக்குள்ள பிறந்தனி. உனக்கு விளங்காது," என்றாள் லேனா.

நான் தர்சினியின் கையைப் பிடித்தேன். அவள் உதறினாள். படியில் இறங்கும்போது, "இதுகளோட சேர்ந்து நீயும் வேதம் மாறப்போறியோ?" என்று கத்தினேன்.

"அங்க ஒருத்தரும் என்னை மாறச் சொல்லேல்லை," என்றாள். "அங்க மட்டும்தான் என்னை ஒண்டும் கேக்காமல் இருக்க விடுகினம்."

ஃப்ராவ் பெக்கர் கீழே கதவைத் திறந்து பார்த்துவிட்டு, பலமாகச் சாத்தினா.

5

அந்தக் குளிர்காலத்தில்தான் அது நடந்தது. பின்னேரம், ஆனாலும் இருட்டிவிட்டது. லேனாவும் தர்சினியும் நூலகத்தால் வந்து ட்ராம் தரிப்பிடத்தில் நின்றிருக்கிறார்கள். வெளிநாட்டவரையும் யூதரையும் வெறுக்கிற கூட்டத்துப் பாணியில் மொட்டை அடித்த மூன்று பெடியன்கள் வந்தார்கள். முதலில் தர்சினியிடம்தான் தொடங்கினார்கள். நிறத்தைச் சொல்லி, ஊருக்குப் போ என்று சொல்லி, தலையில் இருந்த கம்பளித் தொப்பியைப் பறித்துத் தண்டவாளத்தில் எறிந்தார்கள்.

லேனா இடையில் போய் நின்றிருக்கிறாள். அப்போதுதான் ஒருவன் நட்சத்திரத்தைக் கண்டான்.

"இதென்ன, இன்னும் மிச்சம் இருக்கோ?" என்றானாம்.

சங்கிலியை இழுத்து அறுத்து, அவளைத் தள்ளிவிட்டான். தரிப்பிடத்து இரும்பில் முகம் அடிபட்டு உதடு கிழிந்தது. அங்கே ஆறேழு பெரிய ஆட்கள் நின்றார்களாம். எல்லோரும் ட்ராம் நேர அட்டவணையை வாசித்துக்கொண்டு நின்றார்கள். ட்ராம் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள்.

தர்சினி பதினெட்டு ஆகாதவள் என்றபடியால் பொலிஸ் என்னைக் கூப்பிட்டது. வேலைத்தலத்து ஏப்ரனோடேயே ஓடினேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, சூப் மணம் என்னோடு வந்தது. லேனா உதட்டில் பஞ்சு வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் தொப்பியில்லாமல் என் மகள் இருந்தாள்.

"நீங்கள் யூதரோ?" என்று அதிகாரி லேனாவிடம் கேட்டான். "அதுக்காக அடிச்சதெண்டால் அது அரசியல் குற்றம். வேற பிரிவுக்குப் போகும்."

"ஓம்," என்றாள்.

அவன் எழுந்து அடுத்த அறைக்குப் போய்த் தொலைபேசியில் கதைத்தான். திரும்பி வந்தபோது முகம் லேசாகியிருந்தது. "சபையிட்டக் கேட்டன். அவையின்ர பதிவில நீங்கள் இல்லையாம். அப்ப நீங்கள் யூதர் இல்லை. பிறகேன் அதைக் கழுத்தில மாட்டினனீங்கள்?"

லேனா பஞ்சை எடுத்தாள். "என்ர அப்பாவின்ர பேர் ஷாபிரோ. என்ர பேரும் அதுதான். அந்தப் பேருக்குப் பள்ளிக்கூடத்தில அடி வாங்கினன். இண்டைக்கு இஞ்சையும் வாங்கியிருக்கிறன். நீங்கள் விரும்பினதை எழுதுங்கோ."

அவன் எழுதினான். தர்சினி எட்டிப் பார்த்து எனக்குச் சொன்னாள்: இளைஞர்களுக்கு இடையில் வாய்த்தர்க்கம், சிறு காயம். என் பிள்ளையைப் பேசிய பேச்சு அதில் ஒரு வரியும் இல்லை. அவளுக்கு அடி விழவில்லைத்தானே என்றான்.

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. முறைப்பாடு செய்யவேண்டும் என்பதற்கு இங்கே அன்சைகே என்று சொல்லவேண்டும். கோபத்தில் என் வாயில் அன்சூக் என்று வந்துவிட்டது. எனக்குக் கோட்டு சூட்டு வேண்டும் என்று மேசையில் அடித்துக் கத்தியிருக்கிறேன். அதிகாரி சிரித்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். உதடு கிழிந்த பிள்ளை முன்னால் இருக்க, அவனுக்கு அது சிரிப்பு.

"அம்மா, பேசாமல் இருங்கோ," என்றாள் தர்சினி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

6

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஹெர் லேவின் லேனா வீட்டுக்கு வந்தார். மூன்று மாடியும் மூச்சு வாங்க வாங்க ஏறினார். பேரன் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். நான் மகளைக் கூப்பிடப் போயிருந்தேன். அப்படியே வாசலில் நின்றுவிட்டேன்.

அவர் தொப்பியைக் கழற்றவில்லை. "பொலிஸ்காரன் பதிவில இருக்கோ எண்டு கேட்டான். இல்லை எண்டன். ஏன் கேக்கிறாய் எண்டு நான் கேட்டிருக்கவேணும்," என்றார்.

"கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பியள்?" என்றாள் லேனா.

அவர் கைத்தடியை மறுகைக்கு மாற்றினார். பிறகு, "முறைப்படி யூதராய்ச் சேர வழி இருக்கு. படிக்க வா, பிள்ளை. ரெண்டு மூண்டு வருஷம் எடுக்கும். எங்கட குருமார் கேள்வி கேப்பினம். சடங்குக் குளிப்பு ஒண்டு இருக்கு. அது முடிஞ்சால் பிறகு ஒருத்தரும் உன்னை இல்லை எண்டு சொல்ல ஏலாது," என்றார்.

"என்னை அடிச்சவங்கள் கேள்வி ஒண்டும் கேக்கேல்லை."

கிழவனின் முகம் சிவந்தது. "நீ ஆர் எண்டதை அடிக்கிறவங்களிட்டையோ கேக்கப்போறாய்? என்ர அம்மாவையும் தங்கச்சியையும் யூதர் எண்டு எழுதிக் கொண்டுபோனவங்கள் அவங்கள்தான். அவங்கட கணக்கை வைச்சு நான் சபை நடத்த ஏலாது. எங்கட ஆக்கள் ஆர் எண்டதை நாங்கள்தான் சொல்லவேணும். அதையும் அவங்களிட்ட விட்டால் எங்களிட்ட என்ன மிஞ்சும்?"

லேனா தாயைப் பார்த்தாள். கிழவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கே பட்டது.

நினா மகளின் கையைப் பிடித்து, என்ன சொல்கிறார் என்று ரஷ்ய மொழியில் கேட்டாள். லேனா சொன்னாள். நினா எழுந்தாள். ஒரு விரலால் தன் நெஞ்சைக் குத்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஜேர்மனில், "எல்லாரும் சொன்னது, ஷாபிரோ பேர் எடுக்காதே. நான் எடுத்தது. வேலை போனது. சனம் துப்பினது. நான் போகவில்லை. அவரோட நான் இருந்தது. இப்ப நான் பிழை?" என்றாள்.

"உங்களில பிழை இல்லை, அம்மா," என்றார் லேவின்.

"பேந்தென்னத்துக்குக் குளிப்பு?" என்றாள் லேனா. "அம்மாவைக் கழுவித் துடைச்சுப்போட்டுத்தான் நான் உள்ளுக்கு வரவேணுமெண்டால், நான் வெளியிலேயே நிக்கிறன்."

"தாத்தா, போவம்," என்றான் டானியல்.

அவர் போகவில்லை. கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டார். "கதவு எனக்குச் சொந்தமில்லை," என்றார். "நான் அதில காவல் நிக்கிறவன். ஆனால் நாளைக்குப் பொலிசுக்கு என்னோட வா."

அடுத்த நாள் போனார்கள். தர்சினியும் சாட்சி என்று நானும் போனேன். அதே அதிகாரிதான். லேவின் கைத்தடியை மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பிள்ளையை யூதர் எண்டு அடிச்சிருக்கிறாங்கள். அப்பிடி எழுது. மற்றப் பிள்ளையை நிறத்துக்காகப் பேசியிருக்கிறாங்கள். அதையும் எழுது."

"போனில நீங்கள்தானே இல்லை எண்டனீங்கள்?"

"போனில நீ கேட்டது வேற கேள்வி."

அதிகாரி பழைய தாளைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினான். இந்த முறை சிரிக்கவில்லை.

ஆனாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சில மாதம் கழித்து அரச வழக்கறிஞரிடமிருந்து மறுமொழி வந்தது. குற்றவாளிகளை அடையாளம் காண முடியவில்லை, விசாரணை நிறுத்தப்பட்டது. ஒருவன் எந்தப் பள்ளிக்கூடம் என்று தர்சினி சொல்லியிருந்தாள். யாரும் போய்ப் பார்க்கவில்லை. அந்தப் பெடியனை இப்போதும் சந்தையில் காண்கிறேன். அவன் என்னை அறியான்.

லேவினும் மாறவில்லை, லேனாவும் மாறவில்லை. வசந்தத்தில் அவர்களுடைய பெரிய பண்டிகை விருந்துக்கு அவளை விருந்தாளியாகக் கூப்பிட்டார். விருந்தாளியாக வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். டானியல் அந்த விருந்தில் பாதியில் எழும்பி, மேல்மாடியில் லேனா விரித்த மேசைக்கு வந்துவிட்டான். அன்றிலிருந்து தாத்தாவும் பேரனும் கதைப்பதில்லை. பெரிய விஷயம் செய்த மாதிரி இளையதுகள் அதைக் கொண்டாடினார்கள். எனக்கு அந்தக் கிழவனை நினைக்கத்தான் ஏதோ செய்தது. அவர் இப்போது தொழுகைக்கு யாரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறாரோ தெரியாது.

7

பெர்லின் பல்கலைக்கழகத்தில் லேனாவுக்கு இடம் கிடைத்தது. ஒக்டோபரில் ரயில் நிலையத்துக்குப் போனோம். நினா, டானியல், தர்சினி, நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன்.

"பெர்லினில என்னைப் போல கனபேர் இருக்கினம், அன்ரி," என்றாள்.

"அங்க மட்டும் தாய் ஆர் எண்டு கேக்கமாட்டினமோ?"

"கேப்பினம்."

"பேந்தேன் போறாய்?"

"இஞ்ச நான் தனியச் சண்டை பிடிக்கிறன். அங்க கூட நிண்டு சண்டை பிடிக்க ஆக்கள் இருக்கினம்."

ரயில் வந்தது. நினா மகளுடைய கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். உதட்டில் இருந்த தழும்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். இரண்டு பேரும் அழவில்லை. டானியல்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

திரும்பும்போது பஸ்ஸில் எதிரும் புதிருமாக இருந்தோம். நினா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவழியில் தர்சினி என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடம் முடிய நானும் பெர்லினுக்குப் போறன்," என்றாள்.

"ஏலாது," என்றேன். "குமர்ப்பிள்ளை தனிய அங்க போய் என்ன செய்யப்போறாய்? பக்கத்தில கொலோனில இல்லாத படிப்போ? சனம் என்ன கதைக்கும்?"

"நான் கேக்கேல்லை அம்மா. சொல்லுறன்."

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணை எடுக்கவில்லை. சத்தமும் போடவில்லை. எங்கள் நிறுத்தம் வந்தது. நினா எழும்பத் தடுமாறினாள். தர்சினி அவளுடைய கையைத் தன் கைக்குள் எடுத்து, படியால் மெல்ல இறக்கினாள். நான் பின்னால் இறங்கினேன்.

"அப்பாவுக்கு நான் சொல்லமாட்டன்," என்றேன். "நீயே சொல்லு."

"ஓம்," என்றாள்.